உறவினர் சொன்ன தகவல்

ஜனவரி 8

தம்பிக்கு,

நான் ஊர் வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் பெண்டாட்டிதான் எடுத்தாள். "தூங்குறார் அண்ணி" என்றாள். பகல் பதினொரு மணிக்கும் தூக்கம், சாயங்காலம் ஐந்துக்கும் தூக்கம், மறுநாள் காலை ஒன்பதுக்கும் தூக்கம். இவ்வளவு தூங்குகிறவன் என்னிடம் பேசப் பிடிக்காதவனாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் கடிதம். போனை எடுக்காமல் இருந்துவிடலாம். கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் நாலு வரியாவது படித்துவிடுவாய், உன் புத்தி எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உன் படுக்கைக்குப் பக்கத்தில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன். கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, தலையும் வாலுமாகப் படுத்திருக்கிறதாம். உனக்கு அதன் வாலில் எலுமிச்சம்பழ அளவுக்கு நீர்க்கட்டி. கண்ணாடிக்கார டாக்டர் சொன்னாரே, "குடிக்கிறவங்களுக்கு முதல்ல கணையம் வீங்கும், அப்புறம் இந்த மாதிரி நீர் கோத்துக்கும், நிறுத்தினா தானா வத்தும், ஆறு வாரம் பார்ப்போம்" என்று. அவர் அதைச் சொன்னபோது நான் அவரைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இருபத்தேழு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறேன். டிக்கெட் இல்லாதவன் ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஒன்று ஜன்னலைப் பார்ப்பான், இல்லாவிட்டால் தூங்குவான்.

அப்பாவை நாம் இரண்டு பேரும்தான் தூக்கி வருவோம். நான் தோள்பக்கம், நீ கால்பக்கம். அம்மா வாசலில் நின்று "ஊதுங்க" என்பாள். அவர் ஊதத் தேவையே இருக்காது, தெரு முனையிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அம்மா ஊதச் சொல்வாள். அவர் போன அன்று நீ என் தலையில் கை வைத்து, ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்றாய். அந்தத் தலை இன்னும் என் கழுத்தின் மேல்தான் இருக்கிறது. உண்மையை எழுது. திட்டமாட்டேன்.

அக்கா

ஜனவரி 22

அக்காவுக்கு,

திட்டமாட்டேன் என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டு பக்கம் திட்டிவிட்டாய். போகட்டும்.

நான் குடிப்பதில்லை. குடித்ததில்லை. இதைக் கல்லில் வெட்டித் தரவேண்டுமா, மரத்தில் செதுக்கித் தரவேண்டுமா, சொல். மரம் என்றால் எனக்குச் சுலபம்.

சுவரைப் பார்த்தேன் என்கிறாய். அக்கா, அன்று எனக்கிருந்த வலி உனக்கு வந்திருந்தால் நீ சுவரை இடித்திருப்பாய். மேல்வயிற்றில் ஆரம்பித்து யாரோ உளியை முதுகு வரைக்கும் அடித்து இறக்கிய மாதிரி வலி. நிமிர்ந்தால் உயிர் போகும், குனிந்து உட்கார்ந்தால் பாதி உயிர் போகும். அந்த நேரத்தில் அந்த டாக்டர் என்னிடம் "குடிப்பீங்களா?" என்று கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார். நேராக அளவுக்கே போய்விட்டார். அது எப்படி? நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததா? நான் இல்லை என்றேன். அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவன் மேல் ஸ்பிரிட் நாறாமல் சந்தனமா மணக்கும்? முப்பது வருடமாக இந்தக் கைகள் ஸ்பிரிட்டில் ஊறிக்கிடக்கின்றன. இதுவரை யாருக்கும் தெரியாத மாதிரி இப்போது வீடே மோப்பம் பிடிக்கிறது. உன் தம்பி பெண்டாட்டி, பத்தொன்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள், கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்ற விடாமல் "ஊதுங்க" என்கிறாள். அம்மா கேட்ட அதே வார்த்தை. இவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நீயா? கடைக்குப் போய்வந்தாலும் ஊதுகிறேன், குப்பை கொட்டிவிட்டு வந்தாலும் ஊதுகிறேன். போகிற போக்கில் நாதஸ்வரக் கச்சேரிக்கே போய்விடலாம்.

வலி குறைந்திருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

சிரிக்க வைத்தால் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. என் வண்டியில் வருகிற கெட்டிக்காரப் பயல்களும் இப்படித்தான், முதலில் சிரிக்க வைப்பார்கள்.

ஆமாம், உன் பெண்டாட்டியிடம் ஊதச் சொல்லிப் பார்க்கச் சொன்னவள் நான்தான். உன் மேல் அக்கறை இருப்பதால்தான் சொன்னேன். அவள் வாயில்லாப் பூச்சி, தானாகக் கேட்கமாட்டாள். வாயில் வாசனை வராமல் குடிக்கவும் வழிகள் உண்டு என்று எனக்குத் தெரியும். அப்பா ஏலக்காய் மெல்லுவார். நீ என்ன மெல்லுகிறாய்?

நான் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருக்கிறேன். நானாகச் சொன்னால் நீ அதற்கொரு கதை கட்டுவாய். கதை கட்ட அவகாசம் கொடுக்காமல் பிடிப்பதுதான் எங்கள் தொழில்.

ஆறு வார ஸ்கேன் இந்த மாதம் இருபதாம் தேதிதானே? வற்றியிருந்தால், இடையில் நீ நிறுத்தியிருக்கிறாய் என்று நான் புரிந்துகொள்வேன். வற்றாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

வற்றவில்லை. இனி நீ என்ன புரிந்துகொள்கிறாயோ புரிந்துகொள்.

எலுமிச்சை ஆரஞ்சாகியிருந்தது. கண்ணாடிக்கார டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "நீங்க நிறுத்தலை போலிருக்கே" என்றார். முதுகு வழியாக ஊசி விட்டு உறிஞ்சினார்கள். தண்ணீராக வரும் என்றார்கள். வந்தது தண்ணீர் இல்லை, கோந்து. இழுத்த இழுப்புக்கு நூல் மாதிரி நீண்டது. "ஊசி அடைக்குது சார்" என்றாள் நர்ஸ். "பழைய கட்டி, கெட்டியாகியிருக்கும்" என்று சொல்லிவிட்டார். குடிகாரன் கட்டிக்கு அதற்குமேல் யோசனை எதற்கு?

பத்தே நாளில் மறுபடியும் நிரம்பிவிட்டது. கூடவே குளிர் காய்ச்சல். மூன்று போர்வைக்குள்ளே கட்டில் கிடுகிடு என்று ஆடியது. உள்ளே சீழ் பிடித்திருக்கிறதாம். இதுவரை இல்லாத சர்க்கரை வேறு வந்திருக்கிறது, கணையம் கெட்டால் வருமாம். பக்கத்துக் கடைக்காரர் காரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் கோணட்டும், ஒரு கையில் ஊசி ஏறுகிறது.

இப்போது கேள். பெரிய ஆஸ்பத்திரிக்காகப் பழைய ஃபைலை வாங்கினோம். காரில் படுத்தபடியே புரட்டினேன். முதல் பக்கத்திலேயே, மூன்றாவது வரியில், "நீண்டகாலக் குடிப்பழக்கம். உறவினர் சொன்ன தகவல்" என்று எழுதியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே எழுதிய வரி அது, தேதியும் நேரமும் போட்டிருக்கிறது. அதனால்தான் அந்த ஆள் நேராக அளவைக் கேட்டிருக்கிறான்!

அன்று என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் யார்? என் பெண்டாட்டி. படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் யார்? அவள்தான். காய்ச்சல் இறங்கிய அன்றே கேட்டுவிட்டேன். இல்லை என்றாள். சத்தம் போட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "பத்தொன்பது வருஷம் கூட இருந்தவளை நம்பாத மனுஷனுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்? முகத்துக்கு நேரே ஊதச் சொல்கிறவள் முதுகுக்குப் பின்னால் என்னதான் சொல்லமாட்டாள்?

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

காய்ச்சல் எப்படி இருக்கிறது? சீழ் வடிகிறதா? டாக்டரைக் கேட்டு எழுது.

முதலில் அவளைக் கூப்பிடு. உடம்புக்கு முடியாத நேரத்தில் வீட்டுக்காரியைத் துரத்துகிற மடையனை உன்னிடம்தான் பார்க்கிறேன். யார் சொன்னால் என்ன? பதினைந்து வருடம் என்று யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள், அவசரத்தில் டாக்டர் எழுதியிருப்பார். சொன்னவர்கள் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். டாக்டரிடம் மறைத்தால் வைத்தியம் எப்படி நடக்கும்? ஃபைலை மூடிவை. அதைக் குடைந்து குடைந்து நீ என்ன காணப்போகிறாய்.

எனக்கு இந்த மாதம் விடுப்பு இல்லை. ஆள் குறைவு.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். இங்கே வேறு வேலையும் இல்லை.

ஃபைலில் "பதினைந்து ஆண்டு" என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் உனக்கு அதை எழுதவில்லை. அந்த எண்ணைப் பார்க்கவே எனக்குக் கூசியது. "நீண்டகால" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். என் பெண்டாட்டி அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை, நான் ஃபைலைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். அப்படியானால் பதினைந்து உனக்கு எப்படித் தெரியும், செக்கர் அம்மா?

ஆஸ்பத்திரிக்கு நீ வந்த அன்று நான் மயக்க மருந்தில் கிடந்தேன். நீ நடைபாதையில் டாக்டரோடு நின்று பேசியது அரைகுறையாக எனக்குத் தெரியும். பில்லைப் பற்றிப் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

நான் என் பெண்டாட்டியை விரட்டிவிட்டேன், அக்கா. நீ அதைத் தெரிந்துகொண்டே "யார் சொன்னால் என்ன" என்று எழுதினாய். கோபப்படவும் எனக்குத் தெம்பு இல்லை. இருந்தாலும் படுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இதை நிதானமாகப் படி. இங்கே ஒரு சர்ஜன் அம்மா இருக்கிறார். பேச்சு கறாராக இருக்கும், ஆனால் படம் போட்டுப் புரியவைப்பார். கணையத்துக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் இருக்கின்றனவாம். சில பேருக்கு அதில் ஒன்றின் உள்தோலில் ஒரு கட்டி முளைத்து, கோந்து கோந்தாகச் சுரந்து குழாயை அடைத்துவிடுமாம். அடைத்தால் கணையம் வீங்கும், குழாய் பை மாதிரி உப்பும். வலி, சர்க்கரை எல்லாமே அதனால் வரும். ஒரு சொட்டுக் குடிக்காதவனுக்கும் வரும். அந்தக் கட்டியை விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறலாம்.

ஆனால் ஸ்கேனில் பார்த்தால் குடிகாரர்களுக்கு வருகிற நீர்க்கட்டியும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்குமாம். உள்ளிருந்து எடுத்துச் சோதித்தால் வித்தியாசம் தெரியும். என் விஷயத்தில் முன்பே ஊசி போட்டுச் சீழும் கலந்துவிட்டதால் முடிவு அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குடியால வந்ததுன்னா இதை வெட்டக் கூடாது, வடிய விட்டாப் போதும். கட்டின்னா வெட்டாம விடக் கூடாது. வெட்டினா கணையத்துல பாதி போகும், மண்ணீரலும் போகும். சின்ன ஆபரேஷன் இல்லை. நீங்க குடிச்சதே இல்லைன்னா நான் கட்டின்னுதான் எடுத்துக்குவேன்."

நான் குடித்ததே இல்லை என்றேன். "இந்த நாற்காலியில உக்காந்து எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. உங்க வீட்டு ஆளே பதினஞ்சு வருஷம்னு சொல்லியிருக்காங்களே. சொன்னவங்க வந்து மாத்திச் சொல்லட்டும், இல்லை எழுதிக் கொடுக்கட்டும்" என்றார். சீழுக்கு மருந்து ஏற்றி முடிக்க மூன்று வாரம் ஆகும். அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

நீ எதைப் பார்த்தாய்? பிப்ரவரியில் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினாயே. எதைப் பார்த்தாய் என்று இப்போதாவது சொல்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நான்தான் சொன்னேன்.

இந்த ஒரு வரியை எழுத இரண்டு நாள் ஆனது. இனி மற்றதெல்லாம் சுலபம்.

உன்னைச் சேர்த்த மறுநாள், உன் மூக்குக்கண்ணாடியை எடுத்துவர உன் பட்டறைக்குப் போனேன். உன் பெண்டாட்டி சாவி கொடுத்தாள். கண்ணாடி மேஜையில் இல்லை, உன் தோள்பையில் இருக்கும் என்று துழாவினேன். கையில் ஒரு அரை பாட்டில் தட்டுப்பட்டது. பிராந்தி பாட்டில். லேபிள் பாதி கிழிந்திருந்தது, மூடி இறுக்கமாக இருந்தது, உள்ளே பாதிக்கு மேல் தேன் நிறத்தில் இருந்தது. திறந்து மோந்து பார்த்தேன். அப்பாவின் சட்டை வாசனை. உன் உளிகளுக்கும் உப்புத்தாளுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனேன். "தம்பி மறைப்பான், நான் சொல்றேன்" என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நீ தனியாகப் பட்டறை போட்டு, கேட்க ஆளில்லாமல் இருந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பதினைந்து என்றேன். அவ்வளவுதான், அந்த எண் பிறந்த கதை.

பாட்டிலை நான் எடுத்து வந்துவிட்டேன். உன் பெண்டாட்டிக்குத் தெரியாது. இங்கே என் அலமாரியில், துணிகளுக்குப் பின்னால் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்த பொருளைத் தூக்கிப்போடும் பழக்கம் எனக்கில்லை.

உன் பெண்டாட்டி பழியைச் சுமக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது கேவலம். அதை ஒத்துக்கொள்கிறேன். உண்மை தெரிந்தால் நீ என்னை உன் வாசற்படி ஏற விடமாட்டாய் என்று பயந்தேன். எனக்கு உன்னை விட்டால் யார்?

ஆனால் தம்பி, இதையும் கேள். நான் இப்போது அந்த டாக்டருக்கு "இவன் குடிக்கவில்லை" என்று எழுதி, நீ குடித்தவனாக இருந்தால், அவர் உன்னை வீணாக அறுப்பார். எழுதாமல் இருந்து, நீ குடிக்காதவனாக இருந்தால், அந்தக் கட்டி உன்னைத் தின்னும். நான் எதை எழுதினாலும் உன் உயிர்மேல்தான் எழுதுகிறேன். அந்தப் பாட்டில் என்ன என்று சொல். ஒரே ஒரு முறை, கதை கட்டாமல் சொல். நான் இன்னும் உன்னைச் சந்தேகப்படுகிறேன். படக்கூடாது என்றுதான் பார்க்கிறேன், முடியவில்லை.

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

அட ராமா! அந்தப் பாட்டில் உன்னிடமா இருக்கிறது? அது காணாமல் போனதற்கு ஜனவரியில் என் பெண்டாட்டியைத் திட்டினேன், குப்பையில் கொட்டிவிட்டாள் என்று.

அது பாலிஷ், அக்கா. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. வேலைக்குப் போகிற வீடுகளுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிராந்தி பாட்டில் தட்டையாக இருக்கும், பையில் அடங்கும், மூடி கசியாது. பழைய சாமான் கடையில் எடுத்து வருவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என் பேச்சை நம்பாதே, பாட்டிலைக் கேள். உன் அறையில் மரச்சாமான் ஏதாவது இருக்குமே. அடிப்பக்கத்தைக் கவிழ்த்து உப்புத்தாளால் தேய். கொஞ்சம் பஞ்சை மெல்லிய துணியில் சுற்றி, பாலிஷைத் தொட்டு, வட்டம் வட்டமாகத் தடவு. அழுத்தாதே, ஒரே இடத்தில் நிறுத்தாதே. பாலிஷ் பழசாகிவிட்டது, காய நேரமாகும். காய்ந்த பிறகு நன்றாகச் சுடும் டம்ளர் ஒன்றை அதன் மேல் வை. அரக்கு பாலிஷ் என்றால் வெள்ளை வளையம் விழும். பிராந்தி என்றால் ஈ மொய்க்கும்.

தப்பித்தவறி வாயில் வைத்துப் பார்த்துவிடாதே. கண் போய்விடும். அப்புறம் யார் டிக்கெட் பார்ப்பது?

சீக்கிரம். சர்ஜன் அம்மா இருபத்தைந்தாம் தேதி கேட்பார்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

காலையில் உன் கடிதம் வந்தது. டூட்டிக்குப் போவதற்கு முன்பே ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டேன். நீ சொன்ன மாதிரியே தேய்த்தேன், தடவினேன். உன் மாதிரி எனக்குக் கை வரவில்லை, ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் கோடு. அந்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. அப்பாவின் சட்டை என்று நினைத்தேனே, இப்போது மோந்தால் உன் கை வாசனை. இந்தத் தொழிலுக்குப் போன நாளிலிருந்து நீ என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோபாவில் தங்கிப்போகிற அதே வாசனை. மூக்கு ஒன்றுதான், நான் நினைத்த வாசனைதான் எனக்கு அடித்திருக்கிறது.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தேன். ஸ்டூலின் அடிப்பக்கத்தில் ஜன்னல் தெரிந்தது. குனிந்தேன், என் முகமும் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. டீ போட்டு, டம்ளரை அதன் மேல் வைத்து, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். டம்ளரை எடுத்ததும் வெள்ளையாக ஒரு வளையம்.

தம்பி, என்னை மன்னித்துவிடு. உன் நாலு மாதத்தை நான் தின்றுவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் டிக்கெட் வைத்திருந்த ஒருவனைக்கூட நான் இறக்கிவிட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். என் தம்பியை இறக்கிவிட்டிருக்கிறேன்.

உன் சர்ஜன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. கையெழுத்து, தேதி, அடையாள அட்டை எண் எல்லாம் போட்டிருக்கிறேன். நான் சொன்னது பொய், நேரில் பார்த்தது எதுவும் இல்லை, பாட்டிலில் இருந்தது அரக்கு பாலிஷ் என்று எழுதியிருக்கிறேன். உன் பெண்டாட்டிக்கும் அவள் அண்ணன் வீட்டு விலாசத்துக்குத் தனியாக எழுதினேன். அதில் என்ன எழுதினேன் என்று நீ கேட்காதே, அது எனக்கும் அவளுக்கும்.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

நீ மூன்று முறை போன் செய்ததாகச் சொன்னார்கள். மூன்று முறையும் நான் உண்மையாகவே தூங்கினேன். வேண்டுமானால் நர்ஸைக் கேட்டுக்கொள்.

உன் கடிதத்தைச் சர்ஜன் அம்மா நின்றபடியே படித்தார். ஃபைலில் அந்த மூன்றாவது வரியை அழிக்கச் சொன்னேன். எழுதியதை அழிக்கக் கூடாதாம், சட்டமாம். கீழே "உறவினர் திருத்திச் சொன்ன தகவல்: குடிப்பழக்கம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வரியும் இருக்கும். நீ சொன்னதும் இருக்கும், நீ மாற்றிச் சொன்னதும் இருக்கும். இருக்கட்டும்.

மே ஐந்தாம் தேதி திறந்தார்கள். கணையத்தின் வாலும் அதோடு மண்ணீரலும் போய்விட்டன. வெட்டிய இடம் ஒழுங்காக மூடவில்லை, கணையநீர் கசிந்தது. நாலு வாரம் விலாவில் குழாயும் பையும் தொங்கின. இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள், ஓட்டை இன்னும் கொஞ்சம் ஈரம் காட்டுகிறது. சர்க்கரைக்குத் தினமும் நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். மண்ணீரல் இல்லாததால் காய்ச்சல் வந்தால் அரை மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதாம்.

கட்டியைச் சோதித்து முடிவு வந்துவிட்டது. கட்டிதான். உள்ளே ஓரிடத்தில் செல்கள் கெட்டுப்போக ஆரம்பித்திருக்கின்றன, கட்டியின் சுவரைத் தாண்டவில்லை. "இன்னும் ஆறு மாசம் குடிகாரர்னு நினைச்சு வடிச்சிக்கிட்டே இருந்திருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்க வேண்டாம்" என்றார் சர்ஜன் அம்மா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க.

நீ என் நாலு மாதத்தைத் தின்றாய் என்று எழுதியிருந்தாய். ஆமாம், தின்றாய். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் உன்னை நினைத்துப் பல்லைக் கடித்த நாட்கள் உண்டு. அப்புறம் என்னையும் நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் நீ என்னைக் குடிகாரனாக்கினாய். என் பெண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தையையும் கேட்காமல் நான் அவளைக் காட்டிக்கொடுத்தவளாக்கினேன். நாம் இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில்தான் பிறந்திருக்கிறோம்.

அவள் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தாள். "தையல் பிரிக்கிற வரைக்கும்தான் இருப்பேன்" என்றாள். தையல் பிரித்தார்கள். "குழாய் எடுக்கிற வரைக்கும்" என்றாள். குழாயும் எடுத்தார்கள். அதற்குப்பிறகு அவள் கெடு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் கடிதத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை போனேன். அவள் முன்னால் போய்க் கதவைத் திறந்து, திரும்பி என் கிட்டே வந்தாள். என்னை அறியாமல் வாயைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே ஊதிவிட்டேன். பழக்கதோஷம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம், "சட்டையத் தூக்குங்க, கட்டு நனைஞ்சிருக்கா பார்க்கணும்" என்றாள். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று அழுதோம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

விடுப்பு கிடைத்தால் வா. ஸ்டூலையும் கொண்டு வா. திட்டும் கோடும் போட்டு வைத்திருப்பாய், சரி செய்து தருகிறேன். வளையத்தை மட்டும் எடுக்கமாட்டேன். அடிப்பக்கம்தானே, யாருக்கும் தெரியாது, உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

வாசலில் உனக்கு நான் ஊதிக் காட்டமாட்டேன், அக்கா. நீயும் கேட்காதே. நேராக உள்ளே வந்து உட்கார்.

தம்பி